உறுத்தாத வார்

வெள்ளை ஆட்டுத்தோலைக் கடப்பைக்கல்லின் மேல் விரித்து, அந்த ஆட்டின் முதுகெலும்பு ஓடியிருக்கும் வழியைப் பெருவிரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள் பிரின்சி. உள்ளேயிருந்து மூச்சு மெஷின் மறுபடியும் கத்தியது. முகமூடி விலகிக் காற்று வெளியே போனால் அது அப்படித்தான் கத்தும். தோலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

அவள் புருஷன் எபினேசர் கட்டிலில் தலையணைகளை அண்டக்கொடுத்துச் சாய்ந்திருந்தான். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தான். மூக்குத்தண்டின் மேல் தோல் கிழிந்து, ஓரத்தில் நீர் கோத்திருந்தது. பட்டை அழுத்திய தடம் இரண்டு கன்னங்களிலும் பள்ளமாகி, காதோரம் புண்ணாகவே ஆகிவிட்டது. மூச்சு வாங்குவதற்கு நடுவில் அவனால் பேச முடியவில்லை. கையை மட்டும் தூக்கி வேண்டாம் என்று ஆட்டினான்.

அவன் அம்மா பூவம்மாள் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள். முகமூடியை இறக்கிவிட அவள் கை நீளவில்லை. பிரின்சிதான் அதை இறக்கி, பட்டையை மாட்டாமல் உள்ளங்கையால் அவன் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கத்தல் நின்றது. முந்தின இரவு முழுவதும் அவள் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். விடியும் நேரத்தில் மணிக்கட்டு மரத்துப்போய், தன் கை நழுவியதே தெரியாமல் கண் அசந்துவிட்டாள். விழித்தபோது அவன் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. உலுக்கி எழுப்பி, முகமூடியை வைத்து அழுத்திய பிறகுதான் பழைய நிறம் திரும்பியது. கையை நம்ப முடியாது என்று அப்போது தெரிந்துபோயிற்று.

எபினேசர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை பார்த்தவன். உலையிலிருந்து ஆறி வரும் இரும்பு வார்ப்புகளின் மேல் மணலைக் காற்றோடு பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்யும் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதுதான். அந்த மணல் தூளாகி நுரையீரலுக்குள் படிந்து கெட்டிப்பட்டுவிட்டது என்று டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னபோது அவனுக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மெஷினைக் கூடவே கொடுத்தார்கள். முகமூடி போடாமல் இருந்தால் கெட்ட காற்று உள்ளேயே தங்கிவிடும், தூக்கம் தூக்கமாக வரும், அப்புறம் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் பிரின்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். தொண்டையில் குழாய் போடும் பேச்சு வந்தபோது எபினேசர் மாட்டேன் என்று எழுதிக் காட்டிவிட்டான்.

மெஷின் கொண்டுவந்து வைத்தவர் சந்திரமோகன். நல்ல மனுஷர். நேற்றே அவருக்குப் போன் செய்து, பட்டை அறுக்கிறது, வேறு மாதிரி முகமூடி கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். மெத்தென்று ஒன்று இருக்கிறது, ஆனால் மெட்ராஸிலிருந்து வரவேண்டும், திங்கட்கிழமைதான் கையில் கிடைக்கும் என்றார். இன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை வரைக்கும் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அவள் மனதில் வேறு ஒன்றும் இல்லை.

பூவம்மாளைக் கூப்பிட்டு முகமூடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பூவம்மாள் பிடித்துக்கொண்டாள். ஆனால் மகனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பிடித்தாள்.

வீட்டின் பின்பக்கம் தகரம் இறக்கிய சாய்ப்புதான் பிரின்சியின் பட்டறை. மாதவரம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பல வருஷம் பை வேலை செய்தவள். அதிலும் ஓரம் பார்ப்பதுதான் அவள் வேலை. வெட்டிய தோலின் ஓரத்தைச் சீவி, தேய்த்து, மடித்து, வழவழப்பாக்கி அனுப்ப வேண்டும். அங்கே பரிசோதிக்கிற பெண் ஒரு நைலான் காலுறையை ஓரத்தின் மேல் இழுத்துப் பார்ப்பாள். எங்காவது இழை சிக்கினால் பை திரும்பி வந்துவிடும். பிரின்சியின் மேஜையிலிருந்து போனது திரும்பி வந்ததில்லை. எபினேசர் படுக்கையில் விழுந்த பிறகு வீட்டிலேயே பர்ஸும் பெல்ட்டும் செய்து விற்கிறாள். ஒட்டுகிற சொலுஷன் வாசனை அவனுக்கு இருமலைக் கிளப்பியதால் பட்டறையைச் சாய்ப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

இருந்த தோல்களை எல்லாம் இறக்கிப் பார்த்தாள். பெல்ட்டுக்கு வைத்திருந்த மாட்டுத்தோல் வலுவானது, ஆனால் முகத்துக்கு வளைந்து கொடுக்காது. பர்ஸுக்கு வாங்கிய கறுப்புத் தோலும் பழுப்புத் தோலும் மெல்லியவைதான், ஆனால் வியர்வை பட்டால் சாயம் விடும். புண்ணில் சாயம் இறங்கினால் எரிந்து தொலைக்கும். கடைசியில் மிஞ்சியது பெரியமேட்டில் பைகளுக்கு உள்பக்கம் வைப்பதற்காக வாங்கிய இந்த வெள்ளைத் தோல். சாயமும் இல்லை, பூச்சும் இல்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். உடம்புச் சூட்டை உடனே வாங்கிக்கொண்டது.

ஒரே தோலாக இருந்தாலும் எல்லா இடமும் ஒன்றல்ல. வயிற்றுப் பக்கம் இழுத்தால் இழுத்த பக்கம் போகும். முதுகுப் பக்கம் இழுக்காது. பட்டை இழுபட்டால் முகமூடி தளர்ந்து மெஷின் கத்தும். அதனால் பட்டைக்கு முதுகில் வெட்டினாள். மூக்குத்தண்டின் மேல் வைக்கிற மெத்தைக்கு வயிற்றின் மிருதுவான இடத்தில் வெட்டினாள்.

பட்டையின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தபோது பூவம்மாள் பின்வாசலுக்கு வந்து நின்றாள். பழைய பட்டையையே மாட்டிவிட்டு வந்திருந்தாள் போலிருக்கிறது. மெஷின் கத்தவில்லை. கொஞ்ச நேரம் அவள் சீவுவதையே பார்த்தாள்.

"கெஞ்சறாம்மா. கையப் புடிச்சிக்கினு கெஞ்சறான். விட்டுடேன்."

பிரின்சி நிமிரவில்லை.

"வலிக்குது, அதான் வாணான்றாரு. வலி இல்லன்னா வச்சிக்கினு இருப்பாரு அத்த."

பூவம்மாள் சின்ன வயதில் வயலில் நாற்று நட்டு, பிறகு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். புருஷன் போனபோதுகூட யாரிடமும் எதையும் விடச் சொல்லிக் கேட்டதில்லை. உள்ளே திரும்பிப் போனாள்.

ஓரம் வெங்காயச் சருகுபோல மெலிந்து வரும்வரை பிரின்சி சீவினாள். மடித்தால் அந்த இடத்தில் தடிப்பு தெரியக்கூடாது. மடிப்பு வெளிப்பக்கம் வரவேண்டும், முகத்தில் படுகிற பக்கம் ஒரே பரப்பாக இருக்கவேண்டும். சொலுஷனைத் தொடாமல் மைதா பசை காய்ச்சி ஒட்டினாள். எருமைக் கொம்புத் துண்டால் மடிப்பை அழுத்தி அழுத்தி இழுத்தாள். தையல் ஊசி உள்பக்கம் வந்துவிடாமல் மேல் மடிப்போடு நிறுத்திக்கொண்டு தைத்தாள். தேன்மெழுகைத் தடவித் துணியால் சூடேறத் தேய்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பட்டையின் ஓரத்தை மூடிய இமையின் மேல் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். ஓரிடத்தில் மெல்ல உறுத்தியது. அந்த இடத்தை மறுபடியும் தேய்த்தாள். மறுபடி இமையில் இழுத்தாள். இமைக்குத் தெரியாதவரை விடவில்லை.

பழைய பட்டையில் வெல்க்ரோ ஒட்டுநாடா இருந்தது. அவன் ஒரே இழுப்பில் பிய்த்துவிடுகிறான். அதற்குப் பதிலாகக் கைப்பைக்கு வைக்கிற சின்னப் பித்தளைக் கொக்கியை வைத்தாள். படுத்தால் உறுத்தாமல் இருக்கக் காதுக்கு மேலே, பட்டையோடு பட்டையாகப் படிந்து கிடக்கும்படி. பட்டையின் மிச்ச நுனி ஒரு வளையத்துக்குள் இறுக்கமாக நுழைந்து மறைந்துகொண்டது.

மாட்டிவிட்டபோது எபினேசர் கண்ணை இறுக மூடியிருந்தான், வலிக்கப்போகிறது என்று எதிர்பார்த்து. அவள் புண்ணைத் துடைத்து, மூக்கின் மேல் மெத்தையை வைத்து, முகமூடியைப் பொருத்தி, கொக்கியைப் போட்டாள். அவன் கண்ணைத் திறந்தான். மெஷின் இழுத்து விட்டது, அவன் நெஞ்சு அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. எங்கேயும் காற்று சீறவில்லை. அவன் அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே தூங்கிப்போனான்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தாள். எண் ஏறியிருந்தது. பூவம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். பூவம்மாளுக்கு அந்த எண் என்னவென்று தெரியாது. ஆனால் மருமகள் முகத்தைப் பார்த்து அவளும் சிரித்தாள். இரண்டு நாளாகப் பற்றவைக்காத அடுப்பைப் பிரின்சி பற்றவைத்தாள். சோறு வடித்து, தக்காளியை நசுக்கி ரசம் வைத்தாள். இரண்டு பேரும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திங்கட்கிழமை அந்த மெத்து முகமூடி வந்தாலும் அதற்கும் இதே மாதிரி ஒரு பட்டை தைத்துவிடலாம் என்று பிரின்சி சொன்னாள். மாற்றி மாற்றிப் போடலாம், ஒன்றைத் துவைத்துக் காயப்போடலாம். இப்படியே மழைக்காலத்தைத் தாண்டிவிட்டால் பிறகு டாக்டரிடம் மறுபடி கேட்கலாம். அவள் பேசிக்கொண்டே போனாள். பூவம்மாள் ரசத்தை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சாயும்போது எபினேசர் விழித்தான். பல நாளாக அவன் கண்ணில் இருந்த கலக்கம் இல்லை. தலையைத் திருப்பி அறையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு விரலால் முகமூடியைத் தட்டிக் காட்டினான். வாய் காய்ந்திருக்கும் என்று நினைத்து, தேநீர் கொஞ்சம் கொடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்று பிரின்சி கொக்கியைக் கழற்றினாள். கன்னத்தைப் பார்த்தாள். சிவப்பு ஏறவில்லை. மூக்கின் புண்கூடக் காய்ந்திருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல." தேநீரை ஒரு வாய் விழுங்கி, மூச்சு நிதானிக்கும்வரை காத்திருந்தான். "ஒன்னுமே தெரியல. நல்லா பண்ணிகீற."

"அப்ப இனிமே பிச்சிப் போட மாட்டீங்கல்ல."

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலைலருந்து வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தேன். இப்ப அதச் சொல்ல முடியாது." மூச்சு வாங்கியது. "வலிக்காக இல்ல பிரின்சி. போதும். போடாத."

அவளுக்கு அவன் சொன்னது புரிந்தது. புரியாதவள் மாதிரி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். திங்கட்கிழமை சந்திரமோகன் வருகிறார் என்றாள். அது மெத்தென்று இருக்கும் என்றாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவள் முகமூடியை எடுத்து அவன் முகத்தில் வைத்து, பட்டையைச் சுற்றிக்கொண்டுவந்து, கொக்கியைப் போட்டு, நுனியை வளையத்துக்குள் தள்ளிவிட்டாள். அவன் தடுக்கவில்லை. தடுக்கிற பலமும் இல்லை.

ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியபோது அவன் கை காதுக்கு மேலே போயிருந்தது. விரல்கள் கொக்கியைத் தேடின. கண்டுபிடித்துவிட்டன. ஆனால் நுனியை வெளியே இழுக்க நகம் மாட்டவேண்டும். நகம் மாட்ட ஓரமே இல்லை. அவன் விரல் பட்டையின் மேல் வழுக்கிக்கொண்டே போயிற்று. மறுபடி மேலே வந்தது, மறுபடி வழுக்கியது. கொஞ்ச நேரம் ஓய்ந்து, மறுபடி முயன்றான். பழைய பட்டை அறுத்தது, ஆனால் அதை அவனால் கழற்ற முடிந்தது.

பூவம்மாள் எழுந்து மகன் பக்கத்தில் போனாள். அவளும் பட்டையைத் தடவிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். வேலை செய்து காய்ப்பேறிய அவள் விரலுக்கும் அது பிடிபடவில்லை. அவள் பிரின்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத எங்கம்மா கழட்டறது?"

பிரின்சி பின்பக்கம் போய்விட்டாள். சாய்ப்பில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அழைத்து வாருங்கள், குழாய் போட்டுப் பார்க்கலாம், சம்மதம் வேண்டும் என்று ஒரு பெண் சொன்னாள். எபினேசரின் தம்பி சாலமோனுக்குப் போன் செய்தாள். அவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், மேலே ஏறிவிட்டால் போனை எடுக்க மாட்டான். அடித்து அடித்து நின்றது. திரும்பவும் அடித்தாள். தன்னைத் தவிர யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது, போடு என்றோ எடு என்றோ. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அழுகைகூட வரவில்லை. தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். உள்ளே மெஷின் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது அவன் கை நெஞ்சின் மேல் விழுந்து கிடந்தது. தேடுவதை விட்டுவிட்டிருந்தான். கண் மட்டும் வாசற்படியில், அவள் வருகிற பக்கம் இருந்தது. அதில் கோபம் இல்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து, வளையத்திலிருந்து நுனியை உருவி, கொக்கியைக் கழற்றினாள். முகமூடியை எடுத்தாள். மெஷின் கத்தத் தொடங்கியது. அதையும் அணைத்தாள்.

ஜன்னலைத் திறக்கச் சொன்னான். திறந்தாள். யார் வீட்டிலோ நெத்திலி வறுக்கிறார்கள் என்றான். பூவம்மாள் முகர்ந்து பார்த்து, ஆமாம் நைனா என்றாள். அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அமுக்கிவிட்டாள். மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதே, மோட்டாரை யாரும் நிறுத்தவில்லையா என்று அவன் கேட்டான். பிரின்சி பக்கத்து வீட்டில் சொல்லி நிறுத்திவிட்டு வந்தாள். அவன் ஒரு பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான் பேசியிருப்பான். எல்லாம் இந்த மாதிரிதான். இத்தனை நாள் அவன் பேச்சைக் கேட்காமல் மெஷினை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம் என்று பிரின்சிக்குத் தோன்றியது.

வெயில் இறங்கும்போது அவனுக்குத் தூக்கம் வரத் தொடங்கியது. டாக்டர் சொன்ன தூக்கம். பிரின்சி அவன் தோளைத் தட்டினாள். ம் என்றான். நாளைக்கு ஆராதனை முடிந்ததும் பாஸ்டரை வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். ம் என்றான். சாலமோன் புது பைக் வாங்கப் போகிறானாம் என்றாள். ம் என்று வர நேரமாயிற்று. கல்யாணமான புதிதில் பழவேற்காட்டில் படகில் போனபோது அவன் செருப்பு தண்ணீரில் போனதைச் சொன்னாள். அவன் உதடு அசைந்தது. அவள் அவன் கன்னத்தைத் தட்டினாள். தட்டிக்கொண்டே பேசினாள், வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். பிறகு தாங்க முடியாமல் முகமூடியை எடுத்தாள்.

பூவம்மாள் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பலம் ஒன்றும் இல்லை. உதறியிருக்கலாம். பிரின்சி உதறவில்லை. அப்படியே இருந்தார்கள். இரண்டாம் ஷிப்ட் பஸ்கள் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவன் மூச்சு ஒன்று வந்து, அடுத்தது வர நேரமாகி, பிறகு வந்தது. அதற்கப்புறம் வரவில்லை. பிரின்சி இன்னும் கொஞ்ச நேரம் அவனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

சாலமோன் வேலை உடுப்போடே வந்தான். அண்ணன் காலடியில் விழுந்து அழுதான். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டபோது அணைந்து கிடந்த மெஷினையும் கட்டிலில் கிடந்த முகமூடியையும் பார்த்தான். அவன் கெட்டவன் அல்ல. போன மாதம் லீவு போட்டுவிட்டு அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான். ஆனால் கேட்டுவிட்டான்.

"மாஸ்க்க யாரு கழட்டனது?"

துக்கத்துக்கு வந்திருந்த நாலு பெண்கள் பிரின்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரின்சி வாயைத் திறந்தாள். அதற்குள் பூவம்மாள், புடவைத் தலைப்பை மகனின் பாதத்தின் மேல் இழுத்துவிட்டபடியே சொன்னாள்.

"நான்தான்."

சாலமோன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய், பந்தல் போடுகிறவர்களுக்குப் போன் செய்யத் தொடங்கினான். பூவம்மாள் மருமகள் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில் குளிப்பாட்டி, கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டார்கள். சட்டை தொளதொளத்தது, முதுகுப்பக்கம் மடித்துவிட்டார்கள். ஒரு சித்தி மூக்குப் புண்ணைப் பார்க்க முடியவில்லை என்று பவுடரை அள்ளிப் பூசிவிட்டாள். அந்த இடம் மட்டும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. பிரின்சி குனிந்து, பெருவிரலால் அந்தத் திட்டின் ஓரத்தை மெல்லத் தேய்த்தாள். பவுடர் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதவரை தேய்த்துக்கொண்டிருந்தாள். போதும்மா, நேரமாகுது என்று யாரோ தோளைத் தொட்டார்கள்.

கல்லறைத் தோட்டம் ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவரை ஒட்டி இருந்தது. பாஸ்டர் ஜெபம் சொல்லும்போது சுவருக்கு அந்தப் பக்கம் லாரி பின்னால் வருகிற ஓசை விடாமல் கேட்டது. பிரின்சி ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டாள். மண் ஈரமாக இருந்ததால் உள்ளங்கையிலேயே பாதி ஒட்டிக்கொண்டது. ஒட்டியதை உதறாமல் நின்றாள். அவளுக்கு அந்தக் குழிக்குள் இறங்கிவிட வேண்டும்போல இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும், ஒருவேளை டாக்டர் சொன்னது வெறும் தூக்கமாகவே இருந்துவிட்டால். பூவம்மாள் அவள் முழங்கையைப் பிடித்து இரண்டடி பின்னால் நகர்த்தினாள்.

எல்லோரும் வேனில் ஏறியபோது பூவம்மாள் தான் நடந்து வருவதாகச் சொல்லிவிட்டாள். சாலமோன் எவ்வளவோ கூப்பிட்டான். கேட்கவில்லை. பிரின்சியும் இறங்கி அவளோடு நடந்தாள். சாம்பல் தூசி படிந்த ரோட்டின் ஓரமாக இரண்டு பேரும் போனார்கள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று பிரின்சி நினைத்தாள். அத்த என்று கூப்பிட்டாள். பூவம்மாள் ம் என்றாள். அதற்கு மேல் பிரின்சிக்கு வரவில்லை. பூவம்மாளும் கேட்கவில்லை.

ஏரிக்கரைத் திருப்பத்தில் பூவம்மாளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. வந்த ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டார்கள். டிரைவர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டான், பூவம்மாள் சொன்னாள். கொஞ்ச தூரத்தில் ஒரு கம்பெனி வாசலில் ஒரு பெண் ஏறினாள். இருபது வயதிருக்கும், நீல ஓவர்கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, ராத்திரி ஷிப்ட் முடித்து ஓவர்டைமும் பார்த்துவிட்டு வருகிறவள். செத்தத் தள்ளிக்கோங்க அக்கா என்றாள். பூவம்மாள் பிரின்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இடம் விட்டாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. அந்தப் பெண்ணின் தலை முதலில் கம்பியில் சாய்ந்தது, பிறகு ஆட்டோ குலுங்கியதில் இந்தப் பக்கம் திரும்பிப் பிரின்சியின் தோளில் விழுந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்து போனது, பிரின்சியின் கழுத்தில் பட்டது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, எழுப்பிவிடும்மா, அதுவும் அடுத்த ஸ்டாப்புதான் என்றான். பிரின்சி எழுப்பவில்லை. அந்தத் தலை நழுவிவிடாதபடி தோளை உயர்த்தி வைத்துக்கொண்டு, கேட் திறப்பதைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.